காய்க்காத பேரி மரம்

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை முதலிய மலையூர்களின் வீட்டுத்தோட்டங்களிற் பேரி மரத்தைக் காணலாம். சந்தையிற் 'பியர்ஸ்' என விற்கப்படுவது இதன் காயே. (சிங்களத்திற் 'பேர' என்பது கொய்யாவைக் குறிக்கும், அச்சொல் போர்த்துக்கேய மொழியிற் பேரிக்கு வழங்கும் பெயராகும்.) இம்மரம் ஓங்கி வளர்ந்து, ஆண்டுகள் பல சென்றும் காய்க்காது நிற்பதுண்டு. ஈற்றிலே வீட்டார் பொறுமையிழந்து கோடரியை எடுப்பர். வெட்டுவதற்கு முன், அது ஏன் காய்க்கவில்லை என்பதை ஆராய்தல் நன்று. பெரும்பாலும் குற்றம் மரத்தினுடையதன்று.

பேரி குளிர்நாட்டு மரம். மாரியில் இலையுதிர்த்து உறங்குவது அதன் இயல்பு. அவ்வுறக்கத்தின்போது ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட குளிர் போதிய அளவு கிடைத்தாலன்றி மொட்டுகள் ஒழுங்காக விழிப்பதில்லை. ஐரோப்பிய இனமாகிய வில்லியம்ஸ் பேரிக்கு இத்தகைய குளிர் 800 மணி நேரமளவில் வேண்டும். 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவிலே தை, மாசி இரவுகள் சிலவற்றிற் புல்நுனியிற் பனி உறைவதுண்டு. ஆயினும் அவ்வளவு குளிர் அங்கும் சேர்வதில்லை. குளிர் போதாத மரம் அரைத்தூக்கத்தில் எழுப்பப்பட்டவனைப் போன்றது. கிளை நுனியில் மட்டும் இலை விடும். நடுப்பகுதி வெறுமையாய்க் கிடக்கும். பூக்கள் ஒருங்கே மலராமல் அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தோன்றி உதிரும்.

ஆதலின் இனத்தெரிவே முதற்காரியம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கு அருகே பீற்றர் கீபர் என்பவர் சீனப் பேரியின் விதையிலிருந்து பெற்ற இனம் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1876இல் அந்நகரில் நடந்த பெருங்கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அதன் தசை சற்றே மணற்பாங்கானது; சுவையில் வில்லியம்சுக்கு ஈடாகாது. எனினும் பாதிக் குளிரிலே காய்ப்பதாலும், சீனிப்பாகிலிட ஏற்றதாலும், வெப்பநாட்டு மலைகளுக்கு அதுவே பொருத்தமானது. தைவான் தீவின் தாழ்நிலக் கமக்காரர் 1970களில் வேறொரு வழி கண்டனர். குளிர்ப்பிரதேசத்தில் உறங்கி முடித்த பூமொட்டுத் துண்டுகளை ஆண்டுதோறும் வருவித்துத் தம் மரங்களில் ஒட்டி, உயர்ந்த இனக் காய்களைப் பெறுகின்றனர். வியக்கத்தக்க முறைதான், ஆனால் வீட்டுத்தோட்டக்காரருக்கு ஏற்ற வேலையன்று.

துணையின்மை மற்றொரு காரணம். பேரி தன் மகரந்தத்தால் தானே கருவுறுவது குறைவு. அதே காலத்திற் பூக்கும் வேறோர் இனம் அருகே நிற்றல் வேண்டும். இடமில்லாதவர் உள்ள மரத்தின் ஒரு கிளையிலேயே அவ்வினத்தை ஒட்டிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பெரிய கேட்டை விளைப்பது கத்தியே. மலைநாட்டிற் பழகிய கை தேயிலையைக் கவ்வாத்துச் செய்த கை. தேயிலைக்கு வேண்டுவது தளிர். வெட்ட வெட்ட அது துளிர்க்கும். பேரியோ இரண்டாண்டும் அதற்கு மேலும் முதிர்ந்த கிளைகளில், முடிச்சுப் போன்ற குறுங்கிளைகளிலே பூப்பது. ஆண்டுதோறும் தலையைச் சீவினால், பூக்க வேண்டிய கணுக்களெல்லாம் நிலத்திற் கிடக்கும்; மரமும் சினங்கொண்டதுபோல நெட்டையான போத்துகளை மேலே எறியும். பட்ட கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை, நெருங்கிய கிளை ஆகியவற்றை நீக்கினாற் போதும்.

மற்றவற்றை வெட்டாது வளைத்தல் வேண்டும். மழைக்குப்பின் இளங்கிளைகள் வளையுந் தன்மையுடன் இருக்கும்போது, சாக்குத் துண்டொன்றைச் சுற்றி, அதன்மேற் கயிற்றைக் கட்டி, நிலத்தில் அறைந்த முளையோடு பிணைக்கலாம். அடிமரத்திலிருந்து 45 முதல் 60 பாகை வரை சாய்த்தல் போதும். முற்றாகப் படுக்கவைத்தால் முதுகிலே போத்துகள் கிளம்பும். சில மாதங்களிற் கிளை அந்நிலையிலே இறுகிவிடும். கயிறு பட்டையை அறுக்குமுன் அவிழ்த்துவிட வேண்டும். சாய்ந்த கிளையில் வளர்ச்சி வேகந் தணிந்து, மொட்டுகள் பூமொட்டுகளாக மாறும். பயன் தெரிய இரண்டு ஆண்டுகள் செல்லக்கூடும்.

பக்கத்து மரக்கறிப் பாத்திக்கிடும் யூரியாவை இதற்கும் வாரியிடுதல் தகாது, இலைதான் பெருகும். மக்கிய மாட்டெருவும், வேரில் நீர் தேங்காத வடிகாலும் போதுமானவை.

காய் வந்தபின்னும் ஒரு கவனம் வேண்டும். கீபர், வில்லியம்ஸ் போன்ற இனங்கள் உள்ளிருந்து வெளியே கனிபவை. மரத்திலே பழுக்கவிட்டால் தோல் நன்றாயிருக்க நடுவே பழுப்பாகிவிடும். காயை மெல்ல உயர்த்திப் பார்க்கும்போது காம்பு எளிதிற் கழன்றால், கல்லைப்போலிருப்பினும் பறித்து, கடதாசியிற் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம். காம்படியை விரலால் அழுத்தும்போது இளகினால் உண்ணும் பருவமாகும்.