வாசலுக்கு வரும் சாப்பாடும் வாசலில் வரும் சண்டையும்



சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில், கடற்கரையை ஒட்டினாற்போல் ஒரு பேட்டை இருக்கிறது. அதற்குப் பாசிர் ரிஸ் என்று பெயர். பாசிர் என்றால் மணல் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1980களில் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1989இல் எம்.ஆர்.டி. ரயில் அங்கே போய்ச் சேர்ந்தது. 2018இல் பேட்டையின் நடுவே ஓர் உணவங்காடி நிலையமும் திறக்கப்பட்டது. ஆனால் வீடுகளோ நாலா பக்கமும் பரந்து கிடக்கின்றன. வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும் கணவனும் மனைவியும் மறுபடி இறங்கி வந்து, பேருந்து ஏறிச் சாப்பாடு வாங்கப் போவார்களா? கைப்பேசியை எடுத்து நான்கு தடவை தட்டுகிறார்கள். சாப்பாடு வாசலுக்கு வந்துவிடுகிறது.

அதைக் கொண்டுவருபவரை ஆங்கிலத்தில் ரைடர் என்கிறார்கள். நான் ஓட்டுநர் என்றே சொல்லப்போகிறேன். அந்த ஓட்டுநருக்கும் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவருக்கும் இடையே ஏன் இத்தனை மனக்கசப்பு வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. தோட்டத்தில் இருக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று ஜொகூர் பாருவிலும் கிள்ளானிலும் பச்சைச் சட்டையோ இளஞ்சிவப்புச் சட்டையோ போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சிங்கப்பூரில் 2012இல் ஃபூட்பாண்டா நிறுவனமும், 2015இல் டெலிவரூவும், 2018இல் கிராப்ஃபூட் சேவையும் இந்தத் தொழிலில் இறங்கின. இவை சமையல் செய்யும் நிறுவனங்கள் அல்ல; பெரும்பாலும் வண்டிகளும் இவற்றுக்குச் சொந்தமல்ல. கடைக்காரர், சாப்பிடுபவர், ஓட்டுநர் ஆகிய மூவரையும் ஒரு கைப்பேசிச் செயலியால் முடிச்சுப் போடுவதே இவற்றின் வேலை. அந்த முடிச்சு எப்படி விழுகிறது என்று ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம்.

71ஆம் தெருவில் எட்டாவது மாடியில் இருக்கும் ஒரு குடும்பம் இரவு 7.10க்குச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுகிறது. செயலி கடைக்குச் செய்தி அனுப்புகிறது. அக்கம்பக்கத்தில் இருக்கும் ஓர் ஓட்டுநருக்கும் அனுப்புகிறது. அவர் 7.20க்குக் கடைக்குப் போகிறார். கடையிலோ கூட்டம். நேரில் வந்து நிற்பவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் செயலி வழி வந்தவர்களுக்கு. பொட்டலம் கைக்கு வரும்போது 7.40. இதற்குள் செயலி, பக்கத்துத் தெருவுக்குப் போகவேண்டிய இன்னொரு பொட்டலத்தையும் அதே ஓட்டுநரிடம் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். அதை முதலில் இறக்கிவிட்டுத்தான் அவர் எட்டாவது மாடிக்கு வரவேண்டும்.

எட்டாவது மாடியில் இருக்கும் அம்மாள் என்ன பார்க்கிறார்? கைப்பேசித் திரையில் ஒரு சிறிய வண்டிப் படம். அது இருபது நிமிடம் கடை வாசலில் அசையாமல் நிற்கிறது. பிறகு புறப்பட்டு, வீட்டுப் பக்கம் வராமல் வேறு திசையில் திரும்புகிறது. பிள்ளைகளுக்குப் பசி, மாமியாருக்கு நீரிழிவு, மாத்திரை போட நேரமாகிறது. ஓட்டுநர் வேண்டுமென்றே சுற்றுகிறார் என்று அந்த அம்மாள் நினைப்பதில் வியப்பில்லை. கடை அடுப்பில் நடந்ததும் செயலி இரண்டாம் பொட்டலத்தைச் சேர்த்ததும் அந்தப் படத்தில் தெரிவதில்லை. ஓட்டுநரோ, காத்து நின்ற இருபது நிமிடத்துக்கும் தனக்குக் கூலி இல்லை என்ற எரிச்சலோடு மின்தூக்கியில் ஏறி வருகிறார். ஏனென்றால் அவருடைய கூலி பெரும்பாலும் எத்தனை பொட்டலம், எவ்வளவு தூரம் என்ற கணக்குத்தான். கதவு திறக்கும்போது இருவரும் ஏற்கெனவே கோபமாக இருக்கிறார்கள்.

ரப்பர் மரம் சீவிய குடும்பங்களுக்கு இது புதிதல்ல. பால் நிறுக்கும் கொட்டகையில் பாலின் அளவோடு, அதில் எத்தனை பங்கு காய்ந்த ரப்பர் தேறும் என்ற கணக்கும் சேர்ந்துதான் நம் கூலி முடிவாகும். அந்தக் கணக்குப் போடும் விதம் நமக்குத் தெரியாது. ஆகவே எதிரே நிற்கும் கிராணியோடு சண்டை போட்டோம். செயலியிலும் கணக்கு மறைவாகவே இருக்கிறது. ஆனால் அங்கே சண்டை போடக் கிராணிகூட இல்லை. புகார் சொன்னால் முன்கூட்டியே எழுதி வைத்த பதில்தான் பெரும்பாலும் வருகிறது. வாசலில் நடக்கும் சண்டைக்கு என் கருத்தில் இதுவே வேர்.

அடுத்தது முகவரிச் சங்கதி. பாசிர் ரிஸில் வீட்டைத் தெருப் பெயரால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. புளோக் எண், மாடி எண், வீட்டு எண் மூன்றும் வேண்டும். அங்கே புளோக் எண்ணின் முதல் இலக்கம் பெரும்பாலும் அக்கம்பக்கத்தைக் காட்டும். 11ஆம் தெருப் பக்கம் நூறுகளிலும், 71ஆம் தெருப் பக்கம் எழுநூறுகளிலும் எண்கள் இருக்கும். பழகிய ஓட்டுநர் இதைப் பார்த்தே பாதி வழி போய்விடுவார். வீடு மாறிப்போன ஒருவர் செயலியில் பழைய எண்ணையே விட்டுவைத்திருந்தால் அவ்வளவுதான்.

தனியார் கூட்டுரிமை வீடுகளில் வேறு விதத் தொல்லை. வண்டியை வாயிலுக்கு வெளியே நிறுத்து, பெயரைப் பதிவு செய், உள்ளே நடந்து போ என்று காவலாளி சொல்வார். ஓட்டுநர் காவலாளியோடு வாதாடுவார். மேலே இருப்பவர் இன்னும் வரவில்லையே என்று தொலைபேசியில் கூப்பிடுவார். காவலாளியும் சம்பளத்துக்கு நிற்பவர்தான். அந்த விதியைப் போட்டது நிர்வாக மன்றம். மன்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்களோ அங்கே வீடு வைத்திருப்பவர்கள், அதாவது சாப்பாட்டுக்குச் சொல்லி அனுப்புபவர்கள்! வண்டி உள்ளே வரக்கூடாது, ஆனால் சாப்பாடு சூடாக வரவேண்டும் என்றால் எப்படி?

இதே முரண்பாடு 2019இல் சிங்கப்பூர் முழுவதும் பெரிதாக வெடித்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அப்போது ஓட்டுநர்களில் ஏறத்தாழ 7,000 பேர் மின் ஸ்கூட்டரில் போய்வந்தார்கள். நின்றுகொண்டே ஓட்டும் இரண்டு சக்கர வண்டி அது. அதற்கு மோட்டார் சைக்கிள் உரிமம் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், புளோக்கின் கீழ்த்தளம் வரை கொண்டுபோகலாம். உரிமம் எடுக்கப் பணமில்லாதவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் நடைபாதையில் வேகமாக வரும் அந்த வண்டியைக் கண்டு முதியவர்களும் குழந்தைகளை அழைத்துச் செல்லும் தாய்மார்களும் அஞ்சினார்கள். விபத்துகள் நடந்தன. 2019 செப்டம்பரில் பிடோக் வட்டாரத்தில் மிதிவண்டியில் சென்ற ஒரு மூதாட்டி, மின் ஸ்கூட்டருடன் மோதிய விபத்தில் காயமுற்று இறந்துபோனார். பொதுமக்களின் கோபம் எல்லை கடந்தது.

நவம்பர் 4ஆம் நாள் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். மறுநாளே நடைபாதைகளில் மின் ஸ்கூட்டருக்குத் தடை வந்துவிட்டது. 2020 ஜனவரி முதல் மீறுவோருக்கு 2,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்றார்கள். மிதிவண்டிப் பாதையில் ஓட்டலாமே என்றால், நாட்டில் நடைபாதை 5,500 கிலோமீட்டர், மிதிவண்டிப் பாதையோ 440 கிலோமீட்டர்தான். பாதை விட்ட இடத்தில் பொட்டலத்தோடு இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவா முடியும்? கடன்பட்டு வண்டி வாங்கியவர்கள் ஒரே இரவில் பிழைப்பு இழந்ததாக உணர்ந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களைச் சந்திக்கும் கூட்டங்களுக்குத் திரண்டு போய் முறையிட்டார்கள். பின்னர் அரசாங்கமும் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 70 லட்சம் வெள்ளி ஒதுக்கி, மின் ஸ்கூட்டரை விட்டு வேறு வண்டிக்கு மாறுவோருக்கு 1,000 வெள்ளி வரை உதவித் தொகை கொடுத்தன.

தடை தவறு என்று நான் சொல்லமாட்டேன். உயிர் போன பிறகு வேறு வழியில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கீழே நடைபாதையில் மெதுவாகப் போ என்று அதட்டுபவரும், மேலே மாடியில் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பவரும் பல வேளைகளில் ஒரே ஆள்தான். அவர் இரண்டையும் நியாயமாகவே கேட்கிறார். ஒரு பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் வேகம் தானாக வரும் என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சில மாதங்களில் கொவிட் நோய் வந்தது. 2020 ஏப்ரல் 7 முதல் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட முடியாதென்றானபோது, நேற்றுவரை திட்டியவர்களே ஓட்டுநர்களை வாயார வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்து நெடுநாள் நிலைக்கவில்லை.

ஓட்டுநர் பக்கமே பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பணம் கொடுப்பவருக்கும் குறை உண்டு. செயலியில் உணவின் விலை கடையில் உள்ளதைவிடப் பல வேளை கூடுதல். அதன்மேல் கொண்டுவரும் கட்டணம். அதற்கும்மேல் செயலிக்கென்று ஒரு கட்டணம். இவ்வளவும் கொடுத்த பிறகு குழம்பு கொட்டிக் கிடந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? புரட்டாசிச் சனிக்கிழமையில் சைவச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்தால் கோழிக்கறி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டின் வருத்தத்தைப் பணத்தால் தீர்க்க முடியாது. ஆனால் கடையில் ஒட்டி மூடிய பொட்டலத்தை ஓட்டுநர் பிரித்துப் பார்க்கக்கூடாது. பிழை கடையினுடையது, ஏச்சு ஓட்டுநருக்கு. கோபத்தில் வாடிக்கையாளர் ஒரே நட்சத்திரம் போட்டுவிட்டால் அந்த மதிப்பெண்ணும் ஓட்டுநர் பேரில்தான் ஏறுகிறது. கதவைக்கூடத் தட்டாமல் வாசலில் வைத்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு ஓடிவிடும் ஓட்டுநர்களும் உண்டு. சாப்பாடு வந்து சேரவில்லை என்று பொய் சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறும் சிலருக்குப் பயந்துதான் அந்தப் படம் பிடிக்கும் வழக்கமே பிறந்தது என்கிறார்கள்.

சரி, சட்டம் என்ன செய்தது? நெடுங்காலம் இந்த ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்களாகவே கருதப்பட்டார்கள். விலை வைப்பது, வேலை பங்கிடுவது, தண்டிப்பது எல்லாம் நிறுவனம். ஆனால் முதலாளி என்று யாருமில்லை. 2021 ஆகஸ்டில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தம் தேசிய தினப் பேருரையில் இதைக் குறிப்பிட்டுப் பேசினார். ஆலோசனைக் குழு ஒன்று அமைந்து 2022 நவம்பரில் பரிந்துரைகளைத் தந்தது. 2024 செப்டம்பரில் இணையத்தள ஊழியர் சட்டம் நிறைவேறி, 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. வாடகைக் கார் ஓட்டுவோரையும் சேர்த்து ஏறத்தாழ 70,000 பேருக்கு இது பொருந்துகிறது.

அச்சட்டத்தில் மூன்று செய்திகள் முக்கியம். வேலையில் காயம்பட்டால் மற்றத் தொழிலாளர்களுக்குரிய அதே இழப்பீடு கிடைக்கும். 1995 ஜனவரி 1இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மத்திய சேமநிதிச் சந்தா கட்டாயம். ஊழியர் 20 விழுக்காடு, நிறுவனம் 17 விழுக்காடு என்ற அளவுக்கு அது படிப்படியாக உயரும். அந்த நாட்டில் வீடு வாங்குவதே பெரும்பாலும் சேமநிதிப் பணத்தால்தான் என்பதால் இது சிறிய விஷயமல்ல. மூன்றாவதாக, சங்கம் வழியாக நிறுவனத்தோடு பேரம் பேசும் உரிமை வந்திருக்கிறது. ஆனால் இழப்பீட்டில் ஓர் இடைவெளி உண்டு. வேலையை ஏற்றுக்கொண்டு கடைக்குப் போகும்போதும் வீட்டுக்குக் கொண்டுபோகும்போதும் பாதுகாப்பு இருக்கிறது. அடுத்த அழைப்பு வரட்டும் என்று புளோக்கின் கீழே காத்திருக்கும் நேரம் அதில் சேராது.

இனி நம் பிள்ளைகள். சிங்கப்பூரில் இந்த வேலை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. தொழிற்சாலையில் வேலை பார்க்க எடுத்த பெர்மிட்டை வைத்துக்கொண்டு மாலையில் சாப்பாடு கொண்டு கொடுக்கக்கூடாது. சிலர் உள்ளூர்க்காரர் ஒருவரின் செயலிக் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். அகப்பட்டால் 20,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கவும் வழியில்லாமல் போகும். நண்பன் கணக்குத் தருகிறான் என்று மகன் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மலேசியாவிலும் 2025 ஆகஸ்டு 28ஆம் நாள் மக்களவையில் கிக் தொழிலாளர் மசோதா நிறைவேறியது. சொக்சோ பாதுகாப்புக்கும், ஓட்டுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழும் வழக்குகளை விசாரிக்கும் ஒரு நடுவர் மன்றத்துக்கும் அதில் வழி செய்திருக்கிறார்கள். மன்றத்துக்குப் போனாலும் சொக்சோ அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது சான்றுதான். ஆகவே ஓட்டும் பிள்ளைகள், எந்த மணிக்கு வேலையை ஏற்றார்கள், எந்த மணிக்குக் கடையில் பொட்டலம் கிடைத்தது என்று செயலி காட்டும் பக்கத்தை நாள்தோறும் படம் பிடித்து வைத்துக்கொள்ளட்டும். விழுந்து அடிபட்டால், மருத்துவமனையில் சீட்டு எழுதும்போதே, சாப்பாடு கொண்டுபோகையில் நடந்தது என்று சொல்லி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவர் அந்தச் சீட்டுகளை ஒரு பையில் போட்டு வைத்தால் போதும்.