ஒன்பதாம் தரத்துப் பிள்ளைக்கு வாசிக்க வராவிட்டால்

தம்பிக்கு வாசிக்க வராது என்பது அவனுடைய பதின்மூன்றாவது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. பிரதேச செயலகத்திலிருந்து வந்த வீட்டுத்திட்டக் கடிதத்தை வாசிக்கச் சொல்லி அம்மா நீட்டினார். அவன் கடிதத்தைப் பார்த்தபடியே நின்றான்.

2009இல் அவன் இரண்டாம் தரம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். எழுத்துக்கூட்டிப் பழகும் வயது அந்த அலைச்சலில் போனது. மீளக்குடியேறியபின் வயதைப் பார்த்து வகுப்பேற்றினார்கள். கரும்பலகையில் இருப்பதை அழகாகப் பார்த்து எழுதுவான். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

விசேட கல்வி படித்த, ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் ஊரில் இருந்தார். அவர் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொன்னார். பிறகு ஒரு பந்தியை அவனை வாசிக்கவிட்டார், திக்கித் திணறினான். இன்னொரு பந்தியைத் தானே வாசித்துக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். "இவனுக்கு விளக்கம் இருக்கு. எழுத்திலதான் பிரச்சினை" என்றார்.

கோஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் சொன்னதும் இதைத்தான். எழுத்தை ஒலியாக்குவதும் மொழியை விளங்கிக்கொள்வதும் ஒன்றோடொன்று பெருகி வருவதே வாசிப்பு. ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். எது குறை என்று தெரியாமல் "இன்னும் வாசி" என்று அதட்டுவதில் பயனில்லை.

தமிழுக்கென்று சில சிக்கல்களும் உண்டு. 'கொ'வில் கொம்பு முதலில் நிற்கிறது, ஒலியோ பிறகு வருகிறது. வீட்டில் 'வந்தவை' என்று பேசும் பிள்ளைக்குப் புத்தகத்தின் 'வந்தார்கள்' அந்நியம். 'போய்க்கொண்டிருந்தார்கள்' போன்ற நீண்ட சொல்லை ரீச்சர் மூன்றாகப் பிரித்துக் காட்டுவார். ஒரே பந்தியை மூன்று நான்கு தரம் வாசிக்கவைத்துப் பிழைகளை எண்ணுவார். பிழை குறைவதை அவனே காண்பான்.

பாலர் புத்தகத்தை அவர் தொடவேயில்லை. பதின்ம வயதில் வெட்கம்தான் பெரிய தடை. கிரிக்கெட் செய்தியையும் பேருந்துப் பெயர்ப்பலகையையும் வைத்தே படிப்பித்தார். தினமும் இருபது நிமிடம், தனியாக, மற்றப் பிள்ளைகள் பார்க்காத இடத்தில்.

இப்படிக் கற்பிப்பதற்குப் பயிற்சி வேண்டும். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் விசேட தேவைக் கல்விக்கென்று தனித் துறை இருக்கிறது. வகுப்பறை அனுபவமுள்ள ஆசிரியர் இந்தத் துறைக்கு வந்தால் நல்லது, ஏனென்றால் வாசிக்கத் தெரியாததைப் பிள்ளை எப்படியெல்லாம் மறைக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இன்று இதை எழுதக் காரணம் உண்டு. 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது ஆரம்ப வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது பதின்ம வயதில் இருக்கிறார்கள். அவர்களில் சிலரின் பெற்றோர், போரில் படிப்பை இழந்தவர்கள். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

தம்பி சாதாரண தரத்தில் தமிழுக்கு 'எஸ்' எடுத்தான். எங்களுக்கு அது பெரிய பெறுபேறு. இப்போது வீட்டுக்கு வரும் கடிதங்களை அம்மாவுக்கு அவன்தான் வாசித்துக் காட்டுகிறான்.