அன்ஸார்களின் ஊரில் ‘அகதி’ என்ற பெயர்

புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ், வவுனியா வழியாக வந்தாலும் மன்னார், சங்குப்பிட்டி வழியாக வந்தாலும் நாவற்குழி தாண்டி அரியாலையைக் கடந்தே நகருக்குள் நுழைய வேண்டும். அதில் வரும் முஸ்லிம் குடும்பங்களிடம் “எந்த ஊர்?” என்று கேட்டால், உம்மா “சோனகத் தெரு” என்பார். புத்தளத்தில் பிறந்த மகள் சற்றுத் தயங்குவாள்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்நாட்களில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். நகைகளும் பறிபோயின. பெருந்தொகையானோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் போய்ச் சேர்ந்தனர். அவ்வூராரும் தமிழ் பேசும் முஸ்லிம்கள். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டு, சோறாக்கிக் கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

சகோதரிகளே, விருந்தாளியாக இருப்பது சில நாட்களுக்குத்தான். கிடுகுக் கொட்டிலில் ஆண்டுகள் கழிந்தபோது கிணற்று நீருக்கும், பாடசாலை இடத்துக்கும், கூலி வேலைக்கும் போட்டி வந்தது. புத்தளமும் செல்வம் கொழிக்கும் ஊரல்ல. அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் ‘அகதி’ என்ற பெயர் அங்கேயே பிறந்த பிள்ளைகளின் மீதும் ஒட்டிக்கொண்டதே, அதுதான் வருத்தம். யாழ்ப்பாணத்தில் சீதன வீட்டுக்குச் சொந்தக்காரிகளாக இருந்த பெண்கள் கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்கு நின்றார்கள்.

தூர தேசங்களிலும் இதே கதைதான். முன்னொரு காலத்தில் ஸ்பெயினின் கனாரித் தீவுகளிலிருந்து பிழைப்புத் தேடி வெனிசுவேலாவுக்குப் பலர் போனார்கள். இப்போது வெனிசுவேலா நொடிந்து, எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியேறிவிட்டனர். அன்று போனவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் ஸ்பெயினுக்கே திரும்புகிறார்கள். மொழி ஒன்று, மதம் ஒன்று. ஆனாலும் வேலைக்கும் வீட்டுக்கும் புதியவர்களாகவே அலைய வேண்டியிருக்கிறது.

மதீனாவில் ஸஃது இப்னு ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, முஹாஜிரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். தயிர்க்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். கொடுக்கத் துணிந்த மனமும் இருந்தது, உழைக்கக் கடைத்தெருவும் திறந்திருந்தது. நமது முகாம்களில் நிவாரண அரிசி வந்தது. கடைத்தெருவுக்கு வழிகாட்டியவர்கள் குறைவு.

2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் யாழ்ப்பாணம் திரும்பினார்கள். கூரையில்லாத சுவர்களே பலரை வரவேற்றன. காணி உறுதி சோனகத் தெருவில், பேரப்பிள்ளைகளின் பாடசாலை புத்தளத்தில். பெருநாளை எங்கே கொண்டாடுவது என்று வருடாவருடம் பேசித் தீராத வீடுகள் இன்றும் உண்டு.