நீந்தி வந்த வில்லன்!

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு எலி. ஒன்றே ஒன்று. மூன்று வாரமாக அதற்கும் எனக்கும் யுத்தம். பொறியில் மசால் வடை வைத்தேன். வடை போச்சு, எலி இருக்கு. "ஒரு எலியைப் பிடிக்கத் துப்பில்லை..." என்று மனைவி ஆரம்பித்ததும் (மீதி பிரசுரத்துக்கு உகந்ததல்ல) கையில் கிடைத்த புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். விதி, அதிலும் எலி!

நியூஸிலாந்துக்குத் தெற்கே 700 கிலோமீட்டர் தள்ளி காம்ப்பெல் என்றொரு தீவு. 2001-ல் அங்கே ஹெலிகாப்டரில் சுற்றிச் சுற்றி 120 டன் விஷத் தீனியைத் தூவி, சுமார் இரண்டு லட்சம் எலிகளை ஒன்று விடாமல் ஒழித்திருக்கிறார்கள். எதற்கு? கடல் பறவைகளுக்காக, அப்புறம், பறக்கத் தெரியாத ஒரு சின்ன வாத்துக்காக. எலி ஒழிந்தபின் 2004-ல் அந்த வாத்து தன் சொந்தத் தீவுக்குத் திரும்பியது.

ஒரு வாத்துக்கு இத்தனை அமர்க்களமா என்றுதான் எனக்கும் தோன்றியது. மேலே படிக்கப் படிக்க மனசு மாறியது. மாற்றியது வாத்து இல்லை. ககாபோ என்கிற கிளி.

ககாபோதான் உலகத்திலேயே கனமான கிளி. ஆண் நாலு கிலோ வரை தேறும். மாவோரி பாஷையில் பெயருக்கு அர்த்தம் 'ராத்திரிக் கிளி'. பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் நடை. ஆமாம், நடைதான். கிளி ஜாதியிலேயே பறக்கத் தெரியாதது இது ஒன்றுதான். பறந்து எங்கே போகணும்? மனிதன் வரும்வரை நியூஸிலாந்தில் வௌவாலையும் கரையோர சீல்களையும் விட்டால் பாலூட்டி மிருகமே கிடையாது. ஆபத்து என்றால் வானத்திலிருந்து கழுகு. கழுகு கண்ணால் தேடும். அதனால் ககாபோ கண்டுபிடித்த உபாயம், பாசிப் பச்சை உடம்போடு அப்படியே சிலையாக நின்றுவிடுவது. மானேஜர் வரும்போது ஃபைலைப் பார்த்தபடி நாம் உறைந்து போவோமே, அதே டெக்னிக்.

ஆனால் நாலு கால் பிராணி மூக்கால் தேடும். ககாபோவின் உடம்பிலோ தேன் மாதிரி ஒரு வாசனை. இரவில் அசையாமல் நின்றால் என்ன ஆகும்? தட்டில் வைத்த பலகாரம்தான்.

வெள்ளைக்காரர்கள் முதலில் முயலைக் கொண்டுவந்தார்கள். முயல் பெருகி, ஆடு மேயும் புல்லைத் தின்று தீர்த்தது. முயலைப் பிடிக்க 1880-களில் ஸ்டோட்டை இறக்கினார்கள். நம் கீரிப்பிள்ளையை இளைக்க வைத்தாற்போல இருக்கும், மகா கொலைகாரன். பறவை தெரிந்தவர்கள் "வேண்டாம்யா" என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டார்கள். யார் கேட்டார்கள்?

இங்கேதான் ரிச்சர்ட் ஹென்றி வருகிறார். தென்மேற்கு மூலையில், மழை ஓயாத டஸ்கி சவுண்டில் ரெஸொல்யூஷன் என்ற தீவைப் பறவைகளுக்கென்று ஒதுக்கி, 1894-ல் அவரைக் காவலராகப் போட்டது அரசாங்கம். மனுஷர் வாய்க்கட்டுப் போட்ட நாயை அழைத்துக்கொண்டு காடு காடாக அலைந்து, ககாபோவையும் கிவியையும் பிடித்து, படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோய் விட்டார். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். கடல் இருக்கிறது, ஸ்டோட் வராது என்று கணக்கு.

1900-ல் தீவுப் பக்கம் வந்த சுற்றுலாக்காரர்கள், கீரி மாதிரி ஏதோ ஒன்று ஒரு பறவையைத் துரத்தியதாகச் சொன்னார்கள். ஹென்றி நம்ப விரும்பவில்லை. சில மாதங்களில் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். ஸ்டோட் நீந்தும்! ஆறு வருஷ உழைப்பு அவ்வளவுதான். அந்தக் கணம் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். அதன்பிறகும் 1908 வரை அங்கேயே இருந்திருக்கிறார். நானாக இருந்தால் அடுத்த படகு.

அப்புறம் ககாபோ கிட்டத்தட்டக் காணாமலே போயிற்று. 1977-ல் ஸ்டூவர்ட் தீவில் ஒரு கூட்டம் கிடைத்தது. சந்தோஷப்படுவதற்குள், அங்கே பூனைகள் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. டான் மெர்ட்டன் போன்றவர்கள் கிளிகளைப் பிடித்து, பூனையும் ஸ்டோட்டும் இல்லாத தீவுகளுக்கு மாற்றினார்கள். ஹென்றியின் அதே ஐடியா.  காட்ஃபிஷ் தீவில் எலி இருந்தது. அதையும் 1998-ல் ஒழித்தார்கள்.

"எலியும் உயிர்தானே ஸார்?" என்றார் பக்கத்து ஸீட்காரர். வாஸ்தவம். ஆனால் எலிக்கு உலகம் பூராவும் இடம் இருக்கிறது. ககாபோவுக்கு நாலைந்து தீவு. எலியைக் கப்பலில் ஏற்றி வந்ததும் நாம்தான்.

1995-ல் மிச்சமிருந்தவை 51. பறவையும் சீக்கிரம் ஒத்துழைக்கிற ரகம் இல்லை. ரிமு மரம் அமோகமாகக் காய்த்தால்தான் கல்யாணமே. அது இரண்டு முதல் நாலு வருஷத்துக்கு ஒருமுறை. அந்த சீஸனில் ஆண் கிளி தரையில் குழி தோண்டி உட்கார்ந்து, பலூன் மாதிரி உப்பி, ராத்திரி பூரா 'பூம்... பூம்...' என்று மாசக்கணக்கில் கூப்பிடும். தீனி போட்டு உதவலாமே என்று போட்டார்கள். கொழுத்த தாய்கள் ஆண் குஞ்சாகவே பெற்றுத் தள்ளின! அப்புறம் தீனியை எடை பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கிளிக்கும் ஒரு பெயர், முதுகில் ஒரு ரேடியோ. 2022-ல் எண்ணிக்கை 252.

1975-ல் ஃபியார்ட்லாந்து மலையில் தன்னந்தனியாக ஒரு கிழ ஆண் ககாபோ கிடைத்தது. அதற்கு ரிச்சர்ட் ஹென்றி என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பகுதி ரத்தத்தில் மிஞ்சியது அது மட்டும்தான். 1998-ல், ஃப்ளாஸி என்ற பெண் கிளியோடு அதற்கு மூன்று குஞ்சுகள் பிறந்தன. பெண்ணுக்குக் குய்யா என்று பெயர். பையன்களில் ஒருவன் கலிவர். இன்னொருவன், 'கன்னித்தீவு' படிக்கிறவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை, சிந்துபாத்!