மாஊன்: இரவல் சாமானின் பெயரில் ஓர் அத்தியாயம்

அல்குர்ஆனின் 107ஆவது அத்தியாயம் அல்மாஊன். ஏழே வசனங்கள். மார்க்கத்தைப் பொய்யாக்குபவன் யார் என்ற கேள்வியோடு அது தொடங்குகிறது. சிலைகளை வணங்குபவன், இறைவனை மறுத்து வாதிடுபவன் என்றுதான் நாம் பதிலை எதிர்பார்ப்போம். அத்தியாயமோ அநாதையை விரட்டித் தள்ளுபவனைச் சுட்டுகிறது. முஹம்மத் நபி (ஸல்) அவர்களே தந்தையின் முகம் காணாதவர். ஆறு வயதில் தாயையும் இழந்தவர்.

அடுத்த குற்றச்சாட்டை நின்று கவனிக்க வேண்டும். ஏழைக்கு உணவளிக்கவில்லை என்பதல்ல அது. உணவளிக்குமாறு பிறரைத் தூண்டவில்லை என்பது. கையில் ஒன்றுமில்லாதவனும் இன்னொருவனுக்காக வாய் திறந்து கேட்கலாம் அல்லவா? வறுமையைக் காட்டி எவரும் இதிலிருந்து தப்பமுடியாது.

பின்னர் கண்டனம் தொழுகையாளிகள் பக்கம் திரும்புகிறது. தொழுகையில் அசட்டையாக இருந்துகொண்டு, ஊர் பார்க்கவே தொழுபவர்கள் அவர்கள். முன்பகுதி மக்காவிலும் இப்பகுதி மதீனாவிலும் அருளப்பட்டதாகக் கருதும் அறிஞர்களும் உள்ளனர். தொழுதால் அடிவிழுந்த மக்காவில், பெருமைக்காக யார் தொழுதிருப்பார்கள்?

கடைசிச் சொல்தான் 'மாஊன்'. அதற்கு ஸகாத் என்று பொருள் சொன்னோரும் உண்டு. நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரழி) சொன்ன விளக்கமோ வாளி, பானை, கோடரி; அயல்வீட்டார் இரவல் வாங்கித் திருப்பித் தரும் சாமான்கள். கொடுப்பவருக்கு ஒரு நட்டமும் இல்லை. அதையும் கொடுக்க மறுப்பவர்களோடு அத்தியாயம் முடிகிறது.