கையடக்கத் தொலைபேசிக்குள் ஓர் இசைக்கூடம்: கரையோரக் கவிகளைக் காப்பது யார்?

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருதைக் கடந்தால் காரைதீவு. சுவாமி விபுலாநந்தர் 1892 ஆம் ஆண்டில் பிறந்த மண் அது. வழக்கொழிந்து போன யாழை, சிலப்பதிகார வரிகளையும் அதன் உரைகளையும் துணைகொண்டு கணித முறையால் மீட்டெடுக்க அவர் பல்லாண்டுகள் உழைத்தார். அவ்வுழைப்பின் பயனான 'யாழ் நூல்' 1947 இல் வெளிவந்தது. யாழ் வழக்கில் இருந்த காலத்தில் அதன் ஒலியைப் பதிந்து வைக்கக் கருவி இருக்கவில்லை. ஆதலால் ஒலியை எழுத்திலிருந்து கணக்கிட்டே அறிய வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

இன்று அந்த நிலை இல்லை. கல்முனைச் சந்தையில் நடமாடும் இளைஞர்களிற் பெரும்பாலானோரின் சட்டைப் பையில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி இருக்கின்றது. அது பதிவு செய்வதோடு நில்லாது, பதிந்ததை வெட்டவும் ஒட்டவும் அதன்மீது தாளமும் சுரமும் ஏற்றவும் வல்லது. எனினும் எமது வயல்களிலும் கடற்கரைகளிலும் வழங்கிய கவிகளும் அம்பாப் பாடல்களும் அவற்றை அறிந்த முதியோரோடு மறைந்து வருகின்றன. கருவி கையிலிருந்தும் நாம் கைவிட்டால், யாழுக்கு நேர்ந்ததே இவற்றுக்கும் நேரும்.

இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒலிவாங்கி அதனை மின்னதிர்வாக மாற்றுகின்றது. தொலைபேசி அம்மின்னதிர்வை ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகச் சேமிக்கின்றது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரையான அதிர்வுகளைக் கேட்கும். அதன் இருமடங்குக்கும் மேலாக அளந்தாலே ஒலி சிதையாது மீளும் என்பதனாலேயே இந்த எண் தெரிவு செய்யப்பட்டது. இறுவட்டின் தரத்தில் ஒரு நிமிடப் பதிவுக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் தேவைப்படும்.

இரண்டாவது முறை வேறுவகையானது. 1983 இல் அறிமுகமான 'மிடி' என்னும் முறை ஒலியைச் சேமிப்பதில்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்தோடு ஒலிக்க வேண்டும் என்ற கட்டளையை மட்டுமே சேமிக்கின்றது. திரையில் தெரியும் கட்டைகளை விரலால் தொடும்போது இக்கட்டளைகளே பதிவாகின்றன. ஆகவே ஒருமுறை வாசித்ததைப் பின்னர் வயலினாகவோ புல்லாங்குழலாகவோ மாற்றிக் கேட்க முடிகின்றது.

இத்தகைய செயலிகள் பல உள. அப்பிள் நிறுவனத்தின் 'கராஜ்பேண்ட்' 2011 இல் ஐபேட்டுக்கும் ஐபோனுக்கும் வந்தது. 'பேண்ட்லேப்' அன்ட்ரொயிட் தொலைபேசிகளிலும் இலவசமாக இயங்குகின்றது. 'எப்எல் ஸ்டூடியோ மொபைல்' விலைக்குக் கிடைக்கின்றது. இவற்றை விளையாட்டுப் பொருள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பிரித்தானியாவின் 'கொரில்லாஸ்' குழு 2010 இல் வெளியிட்ட தனது இசைத்தொகுப்பைப் பெரிதும் ஐபேட் கொண்டே உருவாக்கியது. அமெரிக்கக் கலைஞர் கென்ட்ரிக் லமார் 2017 இல் வெளியிட்ட தொகுப்பில் இடம்பெற்ற ஒரு பாடலுக்கு, ஸ்டீவ் லேசி என்ற இளைஞர் தமது ஐபோனிலேயே இசையமைத்தார். பெருஞ்செலவில் அமைந்த ஒலிப்பதிவுக் கூடம் இல்லை என்பது இனியும் ஒரு காரணமாகாது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. இச்செயலிகளிற் பெரும்பாலானவை ஒரு ஸ்தாயியை 12 சம படிகளாகப் பிரிக்கும் மேலைத்தேய முறையையே அடிப்படையாகக் கொண்டவை. பண்டைத் தமிழிசையோ 22 அலகுகளைக் கண்டது. மூதாட்டி ஒருவர் கவி பாடும்போது குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லும். அந்த இழைவு திரையிலுள்ள கட்டைகளுக்குள் அடங்காது. அவ்வாறே, செயலியோடு கிடைக்கும் ஆயத்தத் தாளங்களுள் ரபானின் அடியையோ பொல்லடியின் ஓசையையோ தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அவற்றைத் தாளத்துக்காக வளைத்தால் மிஞ்சுவது எமது இசையாக இராது.

எனவே முதலில் குரலைப் பதிய வேண்டும். பின்னரே அதற்கேற்பத் தாளத்தை அமைக்க வேண்டும். ரபானின் ஓர் அடி, பொல்லோடு பொல் மோதும் ஓசை, மருதமுனைக் கைத்தறியின் சத்தம், கரைவலை இழுப்போரின் குரல் ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்து வைத்தால், அவையே எமக்குரிய இசைக்கருவிகளாகிவிடும்.

பதிவு செய்வோர் சில எளிய விதிகளைக் கடைப்பிடித்தல் நன்று. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். தொலைபேசியைப் பாடுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். புளூடூத் செவிக்கருவியில் ஒலி தாமதித்து வருவதால், தாளத்தோடு பாடும்போது கம்பியுள்ள செவிக்கருவியே பொருந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூலப்பதிவை மாற்றாமல் இரண்டு வெவ்வேறு இடங்களிற் சேமிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கி வந்தபோது, உயிர்களோடும் உடைமைகளோடும் வீடுகளுக்குள் இருந்த நினைவுச் சின்னங்களும் அள்ளுண்டு போனதை இக்கரையோர மக்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

இசை குறித்து எமது சமூகத்தில் நிலவும் கருத்து வேறுபாட்டையும் மறைக்க வேண்டியதில்லை. நரம்புக் கருவிகளையும் துளைக் கருவிகளையும் மறுத்த அறிஞர்கள் பலர். தஃப் எனப்படும் பறைக்கு இடமளித்தோர் உளர். இமாம் கஸ்ஸாலி இதனை விரிவாக ஆராய்ந்தார். இப்னு ஹஸ்ம் அனுமதிக்கும் கருத்தைக் கொண்டிருந்தார். இதில் தீர்ப்புக் கூறுவது எமது பணியன்று. ஆனால் இசைக்கருவியை விரும்பாதவர்க்கும் இத்தொழில்நுட்பத்தில் இடமுண்டு. ஒருவர் தமது குரலையே நான்கு அடுக்குகளாகப் பதிந்து, கருவி எதுவுமின்றிப் பாடலொன்றை ஆக்கலாம். பாடலே ஆக்காமல், கவியைக் கவியாகவே பதிந்து வைப்பதில் எவர்க்கும் மறுப்பிருக்க நியாயமில்லை.

பாடியவரின் உரிமையையும் மறந்துவிடலாகாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோர்க்கு மட்டுமன்றி, நிகழ்த்துவோர்க்கும் உரிமை வழங்குகின்றது. நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் பாதுகாப்புக்குள் கொண்டுவருகின்றது. வீட்டுக்குள் பேரப்பிள்ளைக்காகப் பாடிய உம்மம்மாவின் தாலாட்டை அவரது சம்மதமின்றி உலகறியப் பரப்புவது சட்டத்துக்கு முன்னரே மரியாதைக்கு முரணானதாகும். பாடியவர் விரும்பினால் பெயரும் ஊரும் ஆண்டும் குறிக்கப்பட வேண்டும். விரும்பாவிடின் அப்பதிவு குடும்பத்துக்குள் இருப்பதே முறை.

இப்பணியைத் தனிமனிதரிடம் மட்டும் விட்டுவிடுதல் போதாது. விடுமுறை ஒன்றில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடமிருந்து ஒரு கவியைப் பதிந்து வரும்படி பாடசாலைகள் கேட்கலாம். அவற்றைத் தொகுத்துப் பேணும் பொறுப்பைப் பொது நூலகங்களும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஏற்றால், இன்றைய பிள்ளையின் கைவேலை நாளைய ஆய்வாளரின் மூலாதாரமாகும்.

காரைதீவில் பிறந்த அறிஞர் மறைந்த ஒலியை மீட்க ஏடுகளை நாடினார். மறையாத ஒலி இன்னும் எம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கின்றது. அதனைப் பதிய ஒரு மாலைப் பொழுது போதும். அம்மாலையை ஒத்திப் போட்டால், எந்தச் செயலியாலும் அக்குரலை மீட்டுத் தர இயலாது.