கைதி நின்ற கூண்டு

இடுப்பளவு மரச்சட்டம், ஏறி நிற்க ஒரு படி, பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. ஆங்கிலேயர் தங்கள் நாட்டு நீதிமன்றங்களிலிருந்து இங்கே கொண்டுவந்த அமைப்பு இது. லண்டன் ஓல்ட் பெய்லியில், கைதியின் முகத்தில் வெளிச்சம் விழுவதற்காகக் கூண்டுக்கு மேலே கண்ணாடி மாட்டியிருந்தார்கள். முகத்தைப் பார்த்தே உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கை! 1750-இல் சிறைக் காய்ச்சல் அங்கே பரவி, மேயரும் நீதிபதிகள் இருவரும் இறந்தார்கள். அதன் பிறகு, நோயைத் தடுக்க வாசனை மூலிகைகளைத் தூவினார்கள்.

இங்கே, ஆங்கிலேயர் ஆட்சியில் விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு மாவட்டத்துத் தாலுகாக்கள். கொலை போன்ற பெரிய வழக்கென்றால் கைதியைக் கூண்டேற்றக் கடலூர் செஷன்ஸ் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

கைதி நிற்கும் இந்த இடத்தைக் ‘குற்றவாளிக் கூண்டு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தீர்ப்பு வரும் முன்பே ஒருவரைக் குற்றவாளியாக்கும் பெயர் அது. கூண்டேறி நின்று, நிரபராதி என்று வெளியே வந்தவர்கள் எத்தனையோ பேர். இனி, ‘குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டு’ என்றே சொல்லுங்கள்.